வாலில்தான் வம்பு

ஆங்கிலச் சொல்லின் தலையில் பிள்ளைகள் தப்பு விடுவது குறைவு. ‘எலிஃபன்ட்’ என்றால் ஈ-எல்-ஈ வரைக்கும் மளமளவென்று வந்துவிடும். வால் பக்கம் போகும்போதுதான் பென்சில் தயங்கும். இங் சேர்க்கிற இடம், ஈ-டி சேர்க்கிற இடம், பன்மைக்கு எஸ்ஸா ஈ-எஸ்ஸா, எல் ஒன்றா இரண்டா, கடைசியில் சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கும் ஈயை எழுதுவதா விடுவதா... டிக்டேஷன் நோட்டில் நான் போடும் சிவப்பு வட்டங்களில் முக்கால்வாசி கடைசி மூன்று எழுத்துக்குள்ளேயே விழும்.

நான் ஆங்கில வாத்தியார் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். சாயங்காலம் எங்கள் வளவுப் பிள்ளைகள் நாலு கோடு நோட்டைத் தூக்கிக்கொண்டு தார்சாவில் வந்து உட்காருவார்கள். தமிழ் சொல்லித்தரட்டுமா என்று தாய்மார்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். “தமிழு அதுவா வந்துரும்யா. இங்கிலீசு ஸ்பெல்லிங்கு மட்டும் பாத்துக்கிடுங்க, பரிச்சைல மார்க்கு அதுலதான் போவுது.” தமிழ் அதுவாக வருமா என்பது வேறு வழக்கு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஸ்பெல்லிங் தப்பினால் பத்துத் தடவை எழுது என்பதுதான் எங்கள் காலத்து வைத்தியம். இன்றைக்கும் பல இடத்தில் அதே மருந்துதான். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பத்துத் தடவை எழுதின பிள்ளைக்கு அந்தச் சொல் வரும், அதன் தம்பி வராது. இம்போசிஷனாக ‘ரன்னிங்’ எழுதி விரல் வீங்கினவன் மறுநாள் ‘ஸ்விம்மிங்’கில் ஒரே ஒரு எம் போட்டுக்கொண்டு வருவான். கை எழுதியது, காது கேட்கவில்லை. இந்த வால்களுக்குப் பின்னால் ஒரு புணர்ச்சி இலக்கணம் இருக்கிறது. அதில் பாதியைத் தமிழ்ப் பிள்ளைகள் ஏற்கெனவே வாயில் வைத்திருக்கிறார்கள். மீதிப் பாதியில் அவர்களைக் கவிழ்த்துவிடுவதும் அதே தமிழ்தான். நான் சொல்ல வந்தது இவ்வளவே.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், நல்ல கெட்டிக்காரன். ‘ரைட்டிங்’ என்றேன். நடுவில் இரண்டு டி போட்டான். (தமிழில் எழுதும்போது இரண்டு டியும் ஒன்றாகத்தான் தெரியும். பிள்ளைகள் டைகர் டி, டாக் டி என்று பிரித்துச் சொல்வார்கள், நானும் அப்படியே. இது டைகர் டி.)

“ஏல, எதுக்கு ரெண்டு?”

“ரைட்டிங்லா ஐயா. ஒண்ணு போட்டா ரைடிங் ஆயிரும்லா?”

நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தமிழ்க் கணக்குப்படி அவன் சொன்னது நூற்றுக்கு நூறு. நமக்கு வல்லினம் இரண்டு உயிருக்கு நடுவே தனியாக நின்றால் மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால்தான் வலிக்கும். ‘பாடு’ வேறு, ‘பாட்டு’ வேறு. ஆகவே தமிழ் எழுதப் பழகின கைக்கு இரட்டை எழுத்து என்றால் ‘இங்கே அழுத்திச் சொல்’ என்று பொருள். ஆங்கிலத்துக்கு அழுத்திச் சொல்ல இரட்டை தேவையில்லை, அதற்கு டைகர் டியும் டாக் டியும் தனித்தனியாகவே இருக்கின்றன. அங்கே இரட்டை எழுத்துக்கு வேலை வேறு. அது தனக்கு முன்னால் நிற்கும் உயிரைப் பற்றிப் பேசுகிறது: ‘எனக்கு முன்னால் நிற்பது குறில்’ என்கிறது. ரைட்டிங்கில் ஐ நீண்டு ஒலிக்கிறது, அதனால் ஒரு டி. ரிட்டனில் அதே ஐ குறுகி ‘இ’ ஆகிவிட்டது, அதனால் இரண்டு டி. ஒரே வினைச்சொல்லின் இரண்டு பிள்ளைகள். பைட்டிங்கும் பிட்டனும் இப்படித்தான், ஹைடிங்கும் ஹிடனும் இப்படித்தான். இந்த மூன்று ஜோடியையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் போட்டால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான் விதியைச் சொன்னதே இல்லை, ஜோடியை மட்டும் எழுதுவேன்.

இங்கிருந்து போனால் நன்னூல் வாசலில் கொண்டுபோய் விடும். ‘தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்றார் பவணந்தி முனிவர். உயர்நிலைப் பள்ளியில் மனப்பாடம் பண்ணி, பரிட்சை முடிந்ததும் எல்லாரும் மறந்துபோன நூற்பா. கல் + எறிந்தான் என்றால் கல்லெறிந்தான், கண் + இமை என்றால் கண்ணிமை. கால் + இல்லை என்றால் காலில்லை. கால் நெடில், அதனால் இரட்டாது. அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்புங்கள். ரன் + இங், இரண்டு என். ரெயின் + இங், ஒரே என். ஒற்று ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு முன் குறில் ஒன்று இருக்க வேண்டும், பின்னால் உயிர் வர வேண்டும். ‘ஜம்ப்’பில் கடைசியில் இரண்டு மெய், ஆகவே ஜம்ப்பிங்கில் இரட்டிப்பு இல்லை. ‘ஸேட்’ என்ற சோகத்தோடு ‘லி’ சேர்த்தால் வருவது உயிர் இல்லை, ஆகவே ஒரே டாக் டி. ‘ஸேடர்’ என்றால் உயிர், உடனே இரண்டு. ஆங்கில வாத்தியார்கள் இதற்கு ஒன்று-ஒன்று-ஒன்று விதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓர் அசை, ஓர் உயிர், ஒரு மெய். டபிள்யூ, எக்ஸ், ஒய் மூன்றும் இரட்டுவதில்லை என்பதை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ் பாவம், ஒரே எழுத்துக்குள் க், ஸ் இரண்டையும் சுமக்கிறது. அதற்கு மேல் அதை எப்படி இரட்டிப்பது?

ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் மறைக்கக் கூடாது. தமிழில் இரட்டிப்பது வாயிலும் நடக்கும், ஏட்டிலும் நடக்கும். ஆங்கிலத்தில் ஏட்டில் மட்டும்தான். நாம் ‘ரன்னிங்’ என்று ன்னை அழுத்துவது நம் பழக்கம், வெள்ளைக்காரர் வாயில் அது ஒரே ன்தான்.

இந்த ஒப்பீட்டைச் சொன்னால் நண்பர்கள் சிலர், தமிழ் வாத்தியார் எதை எடுத்தாலும் தமிழில் கொண்டுபோய் முடிப்பார் என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். நம் சீமைக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதில்லை. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். சாயர்புரத்தில் இருந்த ஜி.யூ. போப், வெள்ளைக்காரர்கள் தமிழ் படிக்க இலக்கணப் புத்தகம் போட்டார். பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிக் கொடுத்த பள்ளிக்கூடங்கள் பலவும் அந்தக் காலத்து மிஷன்காரர்கள் வைத்தவைதான். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் மொழிக்குள் வந்தார்கள். அம்பையில் ஒரு பிள்ளை தனக்குத் தெரிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் மொழிக்குள் போனால் என்ன?

நூற்பாவை ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒப்பிக்கவும் தேவையில்லை. அது அவர்கள் பேச்சிலேயே கிடக்கிறது. பில்லு, பெல்லு, மிஸ்ஸு, டிரெஸ்ஸு என்கிறோம். ஸ்கூலு, ரூமு, டீமு, காரு என்கிறோம். ஸ்கூல்லு என்றோ டீம்மு என்றோ யாராவது சொல்கிறார்களா? எங்கே குறில் எங்கே நெடில் என்று அந்த நாக்குக்குத் தெரியும். பில், பெல், மிஸ், டிரெஸ் நான்குக்கும் ஆங்கிலத்திலும் கடைசியில் இரட்டை எழுத்து. ஸ்கூலுக்கு ஒரே எல். எஃப், எல், எஸ் மூன்றும் (இஸட்டும் சேர்த்தி) குறிலுக்குப் பின்னால் சொல் முடியும்போதே இரட்டித்துக்கொள்ளும். மற்றவை, ‘பென்’ ‘கப்’ போல, பின்னால் உயிர் வந்து ஒட்டும் வரை காத்திருக்கும். பால், டால், கிளாஸ், பாஸ் என்று நீண்டு ஒலித்தும் இரட்டை வாங்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அவற்றைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

“அப்பொ பஸ்ஸுக்கு ஏன் ஐயா ஒரு எஸ்?” கேட்காமல் இருப்பார்களா. பஸ் என்பது முழுச்சொல்லே இல்லை. ஆம்னிபஸ் என்ற லத்தீன் சொல்லின் வாலை மட்டும் வெட்டி எடுத்தது. வாலாக இருந்தபோது ஒரு எஸ், தனிக்குடித்தனம் வந்த பிறகும் ஒரே எஸ். நாமோ வெட்டின வாலை முழு உடம்போடு திரும்ப ஒட்டி, சென்னைக்குப் போகிற தனியார் வண்டிக்கு ஆம்னி பஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்தக் கதையைச் சொன்ன பிறகு பஸ்ஸில் இரண்டு எஸ் போட்டு யாரும் என்னிடம் நோட்டு நீட்டியதில்லை.

குறிலுக்குப் பின்னால் இரட்டை என்று சொன்னேன் அல்லவா, எல்லா இடத்திலும் அதே எழுத்து இரட்டிக்காது. சில இடத்தில் வேறொரு எழுத்து காவலுக்கு வந்து நிற்கும். ‘கிக்’, ‘நெக்’, ‘டக்’ கில் கேக்கு முன்னால் ஒரு சி. ‘வீக்’, ‘லைக்’, ‘ஜோக்’ நெடில், அங்கே சி வராது. ‘ஸ்விட்ச்’, ‘ஸ்டிட்ச்’, ‘ஃபெட்ச்’ இல் சி-எச்சுக்கு முன்னால் ஒரு டைகர் டி. ‘டீச்’, ‘பீச்’, ‘கோச்’ இல் கிடையாது. ‘பிரிட்ஜ்’, ‘ஜட்ஜ்’, ‘எட்ஜ்’ இல் ஜி-ஈக்கு முன்னால் டாக் டி. ‘ஹியூஜ்’ இல் கிடையாது. மூன்று தனித்தனிப் பாடமாகப் புத்தகம் வைத்திருப்பதை நான் ஒரே பாடமாக நடத்துகிறேன், காரணம் ஒன்றுதான் என்பதால். மீறுகிறவை மச், சச், ரிச், விச். இவற்றைப் பாட்டாகப் பாடிவிடலாம்.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஃபிரிட்ஜ். ரெஃப்ரிஜிரேட்டர் என்ற நீளச் சொல்லில் எங்கே தேடினாலும் டாக் டி கிடைக்காது. அதை வெட்டிச் சுருக்கி ஃபிரிட்ஜ் ஆக்கியபோது, கடைசியில் ஜி-ஈ மட்டும் நின்றால் ஐ நெடிலாகிவிடுமே என்று காவலுக்கு ஒரு டி வந்து உட்கார்ந்துகொண்டது. இல்லாத எழுத்தை உள்ளே இழுத்துப் போடும் அளவுக்கு அந்த விதிக்குப் பலம் இருக்கிறது.

விதியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கல்யாண மண்டபங்களில் சாட்சி உண்டு. சாப்பாட்டுக் கூடத்துக்கு மேலே டைனிங் ஹால் என்று எழுத நினைத்து நடுவில் இரண்டு என் போட்டிருப்பார்கள். இரண்டு என் போட்டால் முன்னால் இருக்கும் ஐ குறுகி ‘டின்னிங்’ ஆகிவிடும். காதைத் துளைக்கிற இரைச்சல் போடுவது என்று அதற்கு அர்த்தம். முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற நேரத்தில் போய்ப் பார்த்தால் அந்தப் பலகையில் பிழை இருப்பதாகவே தோன்றாது.

இதுவரை தமிழ் காது தோள் கொடுத்தது. இனிக் காலை வாருகிற இடம். இதைப் புத்தகங்களில் நான் பார்க்கவில்லை, பிள்ளைகள் நோட்டில்தான் பார்த்தேன்.

ஆங்கிலக் குறில் ஐந்து. அதில் மூன்று நம் குறிலோடு ஒத்துப்போகும்: பெல், பின், கப். மற்ற இரண்டும் நம் வாயிலும் எழுத்திலும் நெடிலாகிவிடுகின்றன. பேட், ஃபேன், மேட்ச் என்று எழுதுகிறோம், ஏகாரம் போட்டு. ஷாப், ஸ்டாப், லாக் என்று எழுதுகிறோம், ஆகாரம் போட்டு. ஆங்கிலக் கணக்கில் இவை அத்தனையும் குறில். தமிழ்ப் பிள்ளை தன் காதை நம்பினால் இங்கே நேராகக் குழியில் விழும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நோட்டும் கையுமாக வந்து நின்றாள். “ஐயா, பேக்குன்னு சொன்னீயள்லா. அது முதுகு பேக்கா, கேக்கு பேக்கா?” ரொம்ப நியாயமான கேள்வி. முதுகு என்றால் சி-கே, அடுப்பில் சுடுவது என்றால் கே-ஈ. அவள் காதுக்கு இரண்டும் ஒன்று, ஏனென்றால் நான் சொன்னதும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். ஓகாரத்துக்கு ஒரு சோதனை உண்டு. அந்த எழுத்து தன் சொந்தப் பெயரைச் சொன்னால் நெடில், சொல்லாவிட்டால் குறில். ஹோப் என்றால் ஓ தன் பெயரைச் சொல்கிறது, ஹாப் என்றால் சொல்லவில்லை. ஆனால் ஏக்கு இந்தச் சோதனை பலிக்காது. “ரெண்டுலயும் ஏன்னுதானய்யா சொல்லுது” என்றாள் அவள்.

காது கைவிட்ட இடத்தில் வாயைத்தான் பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாகப் பிடித்து, பல் வரிசைக்கு நடுவே வைக்கச் சொன்னேன். முதுகு பேக் சொல்லும்போது தாடை கீழே இறங்கி இரண்டு விரலுக்கும் இடம் விட வேண்டும். கேக்கு பேக் சொல்லும்போது வாய் பக்கவாட்டில் விரிந்து விரலைக் கடிக்கும். அவள் கடித்தாள். “ஆ, கடிச்சிட்டேன், அப்பொ ஈ போடணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் தார்சாவில் டிக்டேஷன் நேரத்தில் பாதிப் பிள்ளைகள் வாயில் விரலோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பிடும் முன் கை கழுவுகிறார்களோ இல்லையோ, டிக்டேஷனுக்கு முன் கழுவச் சொல்லி அனுப்புகிறேன்.

அடுத்தது ஊமை ஈ. இதற்கும் நன்னூலில் ஆள் இருக்கிறது: ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்’. வீடு + இல்லை, உகரம் ஓடிப்போய் வீடில்லை. வீடு + கள், மெய் வருகிறது, உகரம் இருந்த இடத்தில் இருக்கிறது. ஹோப் + இங், ஈ ஓடிவிடும். ஹோப் + ஃபுல், ஈ அப்படியே இருக்கும். மேக்கிங், கேர்ஃபுல், யூஸிங், யூஸ்ஃபுல் எல்லாம் இந்த வழியேதான் வரும். குற்றியலுகரத்துக்காவது அரை மாத்திரை உண்டு, இந்த ஈக்கு அதுவும் இல்லை. முன்னொரு காலத்தில் இருந்தது. 1476-இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்த சமயத்தில் ஆங்கிலத்தின் நெடில் ஒலிகள் இடம் மாறிக்கொண்டிருந்தன. கடைசி ஈயின் சத்தம் போய்விட்டது, அச்சில் ஏறின எழுத்து நின்றுபோனது. சும்மா நிற்கவும் இல்லை, முன்னால் உள்ள உயிரை நெடிலாக்குகிற வேலையை எடுத்துக்கொண்டது.

தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூரப் போடுவதில்லை. அதன் பின்பக்கத்தில் சொல்லைப் பேனாவால் எழுதுவேன், ஊமை ஈயை மட்டும் பென்சிலால். பிள்ளை கையில் ரப்பரைக் கொடுத்துவிட்டு, ‘இங்’, ‘ஃபுல்’, ‘எஸ்ட்’, ‘லெஸ்’ என்று வெட்டி வைத்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் நகர்த்துவேன். ‘இங்’ வந்தால் ரப்பர் ஓட வேண்டும், ‘லெஸ்’ வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்தால் அடுத்த தேதித் தாள்.

ஓடாத ஈயும் உண்டு. ‘நோட்டீஸ்’, ‘சேஞ்ச்’ இரண்டோடும் ‘ஏபிள்’ சேர்த்தால் ஈ போகாது. போனால் சி போய் க ஆகிவிடும், ஜி போய் கனத்த க ஆகிவிடும். ஈ பக்கத்தில் இருந்தால்தான் அந்த இரண்டும் மெல்லப் பேசும். இது ஏழாம் வகுப்புக்கு மேல் சொன்னால் போதும். ட்ரூலி, ஆர்கியுமென்ட், நைன்த் மூன்றிலும் இருக்க வேண்டிய ஈ காணாமல் போயிருக்கும். அதற்குக் காரணம் சொல்லிப் பிள்ளையைக் குழப்புவதைவிட, மூன்றையும் சுவரில் ஒட்டிவிடலாம்.

இன்னொரு வகை ஈ போலி. கம், சம், லவ், கிவ், ஹேவ் சொற்களின் கடைசியில் இருப்பது. எதையும் நெடிலாக்காது. ஆங்கிலத்துக்கு வி-யில் சொல்லை முடிக்கப் பிடிக்காது, அதனால் லவ், கிவ், ஹேவ் மூன்றிலும் ஒப்புக்கு ஓர் ஈ. ‘கமிங்’ என்பதில் இரண்டு எம் போடாத பிள்ளையை நான் பார்த்ததே அபூர்வம். யோசித்துப் பார்த்தால் அது தப்பே இல்லை. கம், தனிக்குறில், பின்னால் உயிர், ஆகவே இரட்டும். காதால் கேட்டுச் சரியான விதியைப் போட்டிருக்கிறது. எழுத்தில்தான் ஈ ஒன்று நின்று, ஓடி, இரட்டிப்பைத் தடுத்துவிட்டது. இந்தப் பிழைக்கு நான் வட்டம் போடுவேன், ஆனால் பக்கத்தில் ‘நல்ல தப்பு’ என்று எழுதுவேன். ஒரு தகப்பனார் அதைப் பார்த்துவிட்டு, தப்பில் என்ன நல்லது கெட்டது என்று கேட்க வந்தார். அவருக்கும் ஒரு காப்பி கொடுத்து விளக்கி அனுப்பினேன்.

ஒய்யில் முடிகிறவை சுலபம். ஒய்க்கு முன்னால் மெய் நின்றால் ஒய் ஐ ஆகும்: பேபி பேபீஸ், கிரை கிரைடு. உயிர் நின்றால் ஆகாது: பாய்ஸ், பிளேடு. ‘இங்’ வரும்போது மட்டும் ஒய் மாறாது, இரண்டு ஐ அருகருகே நிற்பதை ஆங்கிலம் விரும்பாது. ஸெட், பெயிட், லெயிட் மூன்றும் விலக்கு.

பன்மைக்கு ஈ-எஸ் போடுவதும் காதிலேயே இருக்கிறது. பாக்ஸ், டிஷ், மேட்ச் இவற்றுக்குப் பின்னால் வெறும் எஸ் ஒட்டிச் சொல்லிப் பார்த்தால் நாக்கு சிக்கிக்கொள்ளும். சிக்கினால் ஈ போடு, அவ்வளவுதான். ‘ஸ்டமக்’கில் சி-எச் இருந்தும் ஒலி க் என்பதால் சிக்காது, வெறும் எஸ்.

ஈ-டி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ‘ஜம்ப்ட்’ என்று காதில் விழுகிறது, பிள்ளை பிக்குப் பக்கத்தில் டைகர் டி போட்டு முடித்துவிடுகிறது. ‘வான்டட்’ என்று கேட்கிறது, கடைசியில் ஐ-டி போடுகிறது. ஒரே இறந்தகால வால் மூன்று விதமாக ஒலிக்கிறது: ஜம்ப்டில் ட், பிளேடில் மெல்லிய டு, டைகர் டியிலோ டாக் டியிலோ முடிகிற சொல்லுக்குப் பின்னால் முழு அசையாக ‘இட்’. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ‘டிராப்ட்’ போன்றவற்றை ஒலிப்படியே டைகர் டி போட்டு அச்சிட்டதும் உண்டு, பிறகு எல்லாம் ஈ-டிக்குள் அடங்கிவிட்டது. தமிழ் இதற்கு நேர் எதிர். நமக்கும் இறந்தகாலத்துக்குப் பல இடைநிலை: செய்தான், உண்டான், தின்றான், ஓடினான். த், ட், ற், இன். நாம் ஒலிக்கிறபடியே ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுகிறோம், அவர்கள் மூன்று ஒலிக்கும் ஒரே சட்டை போட்டுவிட்டார்கள். ‘நேற்று நடந்ததா? அப்படியானால் காதைப் பொத்திக்கொண்டு ஈ-டி போடு’ என்பதே நான் சொல்லும் வழி. (நம் சீமையில் த் நிகழ்காலத்துக்கும் உழைக்கிறது: ‘என்னல செய்யுத?’ இலக்கணப் புத்தகத்தில் இதற்கு இடம் இல்லாததில் எனக்கு ரொம்ப நாளாக வருத்தம்.)

தமிழ் ஒரு துளியும் உதவாத இடம் அழுத்தம். இரண்டு அசைச் சொற்களில் அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால்தான் ஒற்று இரட்டும். பிகின்னிங், ஃபர்கெட்டிங், அட்மிட்டட் இரட்டும். விஸிட்டிங், ஓப்பனிங், லிஸனிங் இரட்டாது. ‘ரெஃபர்’ரோடு இங் சேர்த்தால் இரண்டு ஆர், ‘ரெஃபரன்ஸ்’ என்றால் அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடுவதால் ஒரே ஆர். அழகான விதிதான். ஆனால் சொல்லில் எங்கே அழுத்தம் விழுகிறது என்று கேட்டால் நம் பிள்ளைகள் விழிப்பார்கள், எனக்கும் பல நேரம் அகராதிதான் கதி. ஆகவே இந்த விதியை நான் நடத்துவதில்லை. இரட்டுகிறவை ஒரு பக்கம், இரட்டாதவை எதிர்ப்பக்கம் என்று இரண்டு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லிவிடுகிறேன்.

அதிலும் போன் வந்து குறுக்கே நிற்கிறது. ‘டிராவலிங்’ என்பதை நம் பாடப்புத்தகம் பிரிட்டிஷ் வழக்கப்படி இரண்டு எல் போட்டு எழுதும். அழுத்தம் முதல் அசையில் இருந்தும் எல்லை இரட்டிப்பது அவர்கள் பழக்கம். வெப்ஸ்டர் 1828-இல் அமெரிக்க அகராதியைக் கொண்டுவந்தபோது இந்த மாதிரி உபரி எழுத்துகளை வெட்டினார், கலரில் இருந்த யூவும் அதில் போனது. அக்கா போனில் தட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா சொன்னதுக்கு கீழ செவப்புக் கோடு போடுது” என்று தம்பி வந்து நிற்கிறான். போன் அமெரிக்காவுக்கு வாக்கப்பட்டது, பரிட்சைத் தாள் திருத்துகிறவர் இங்கே இருக்கிறவர், அவர் போடுகிற மார்க்கைப் பார் என்றேன்.

‘ஷன்’ வாலுக்கு ஒரு வழி போதும். தொழில் செய்யும் ஆள் என்றால் சி-ஐ-ஏ-என்: எலக்ட்ரீஷியன், மியூஸிஷியன், மேஜிஷியன். வினைச்சொல் இரட்டை எஸ்ஸில் முடிந்தால் அந்த எஸ்ஸுகளோடு ஐ-ஓ-என்: டிஸ்கஷன். சந்தேகம் வந்தால் டைகர் டி போட்டு ஐ-ஓ-என், பெரும்பாலும் தப்பாது. ‘ஃபுல்’ வாலாக வந்தால் ஒரே எல் என்பதைத் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பியூட்டிஃபுல்’லை எழுத்துக்கூட்டிப் பாட்டாகப் பாடுகிற பிள்ளையும் எழுதும்போது இன்னொரு எல்லைச் சேர்த்துவிடும். லி சேர்த்தால் இரண்டு எல் வரும் என்று அதோடு சொன்னால் முகத்தைச் சுளிக்கும்.

‘ஏபிள்’, ‘இபிள்’ என்று முடிகிறவற்றில் ஏயா ஐயா என்று கேட்டால் என்னிடம் உறுதியான பதில் கிடையாது. முன்னால் இருப்பது தனியாக நிற்கக்கூடிய ஆங்கிலச் சொல்லாக இருந்தால் பெரும்பாலும் ஏ: ரீடபிள், டிரிங்கபிள். நிற்காவிட்டால் பெரும்பாலும் ஐ: விஸிபிள், பாஸிபிள், டெரிபிள். இதை எழுதி வைத்த மறுநாளே முதுகு பேக் பிள்ளை ஸென்ஸிபிளைக் கொண்டுவந்து நீட்டினாள். “ஸென்ஸ் தனியா நிக்குமேய்யா, இதுல ஏன் ஐ போட்டிருக்கான்?” அலமாரியில் இருந்து அகராதியை எடுத்து அவள் கையில் கொடுத்து, எஸ் எழுத்தில் இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.